சீனப் பெருஞ்சுவர் படத்துல ஒரு தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல வந்த பழங்கால எல்லைச் சுவர் கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா படத்துக்குக் கீழ 'சின் ஷி ஹுவாங் கட்டிய சுவர்'னு போட்டிருந்தீங்க பாருங்க, அது சரியில்ல. படத்துல இருக்கறது பெய்ஜிங் கிட்ட பாடாலிங் பக்கத்து செங்கல் சுவர், மிங் அரச வம்சத்துக் காலத்தது (கி.பி. 1368-1644). சின் ஷி ஹுவாங் கி.மு. 221ல சீனாவ ஒண்ணாக்கின ஆளு, நடுவுல 1,500 வருஷத்துக்கு மேல இடைவெளி இருக்கே!

அவர் காலத்து சுவர் பெரும்பாலும் மண்ணும், மலையில கிடைச்ச கல்லும்தான். இப்ப கான்க்ரீட்டுக்கு சென்ட்ரிங் அடிக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் பலகை நிறுத்தி, நடுவுல மண்ணைக் கொட்டி, திமிசுக்கட்டையால இடி இடினு இடிச்சு இறுக்கி, அப்புறம் அதுக்கு மேல அடுத்த அடுக்கு, இப்படியே ஏத்திக்கிட்டே போறது. செத்த கூலியாட்கள சுவருக்குள்ளயே புதைச்சாங்கனு ஒரு கதை சுத்துது, அதுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கல, யோசிச்சா வேலை தெரிஞ்சவன் செய்யவும் மாட்டான், உடம்பு மக்கிப்போனா அந்த இடம் பொக்காயிடும்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வடமேற்குச் சீனாவுல துன்ஹுவாங் பக்கம், சின்னுக்கு அடுத்து வந்த ஹான் வம்சத்துக் காலத்துல கட்டினதுதான். பாலைவனம், நல்ல மண்ணு கூட கிடையாது. நாணலையும் சரளையையும் மாத்தி மாத்தி அடுக்கியே சுவர எழுப்பிட்டாங்க, மழை கம்மியான ஊருங்கறதால 2,000 வருஷம் கழிச்சும் அந்த நாணல் அடுக்கு கண்ணுக்குத் தெரியுது. மிங் ஆளுங்க சுண்ணாம்புச் சாந்துல பசையரிசிக் கஞ்சி கலந்தது தனிக் கதை.

கட்டுரையில, வட இங்கிலாந்துல ரோமர்கள் கட்டின ஹேட்ரியன் சுவருக்கு ரெண்டே வரிதான். கி.பி. 122ல ஆரம்பிச்சது, சுமார் 117 கி.மீ., கட்டினது அடிமைங்க இல்ல, ரோமப் பட்டாளத்தோட மூணு லீஜியன் (பெரிய படைப்பிரிவு). கிழக்குப் பக்கம் ரெண்டு முகத்துக்கும் செதுக்கின கல்லு, நடுவுல உடைகல்லும் களிமண்ணும். மேற்குப் பகுதிய முதல்ல புல்லோட வெட்டி எடுத்த மண்பாளத்தாலதான் கட்டினாங்க, கல்லு பின்னாடி வந்தது. 10 அடி அகலம்னு அஸ்திவாரம் போட்டுட்டு பாதியில 8 அடி, அதுக்கும் கம்மினு குறைச்சிருக்காங்க, அகல அஸ்திவாரத்து மேல ஒல்லி சுவர் நிக்கிறத இப்பவும் பாக்கலாம் (பிளான் நடுவுல மாறுறது அப்பவே இருந்திருக்கு). எந்தத் துண்ட எந்த செஞ்சூரி (லீஜியனுக்குள்ள இருக்கற சின்னப் படைப்பிரிவு) கட்டினதுனு கல்லுலயே பேர வேற வெட்டி வச்சிருக்காங்க.

ஈரானோட கோர்கான் சுவர் பத்தி ஒரு வார்த்தை கூட இல்லாததுதான் பெரிய வருத்தம். சாசானியர்ங்கற பழைய பாரசீக அரச வம்சத்துக் காலத்தது, 195 கி.மீ.க்கு மேல, சுட்ட செங்கல். அவ்வளவு செங்கலையும் தூரத்துல இருந்து சுமந்துட்டு வரல, சுவர் பக்கத்துலயே வரிசையா சூளை போட்டு, வாய்க்கால் வெட்டித் தண்ணி கொண்டாந்து, அங்கயே மண்ணு எடுத்து அறுத்து சுட்டு அடுக்கியிருக்காங்க. செங்கல் நிறத்த வச்சு 'சிவப்புப் பாம்பு'னு பேரு.

படக்குறிப்ப மட்டும் அடுத்த வாரம் திருத்திப் போடுங்க சார், கோர்கானுக்குத் தனியா அரைப் பக்கம் ஒதுக்கினா இன்னும் சந்தோஷம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்