கறுவம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "கறுவம் எண்டால் என்ன அம்மப்பா?" என்று பேரன் கேட்டபோது, "கோபம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அது ஊர்க் கொச்சை, பிள்ளைக்குப் பழக்க வேண்டாம் என்றாய் நீ. நான் சொன்னதும் போதாது. நீ சொன்னதும் சரியன்று.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியலில், 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று ஒரு நூற்பா உண்டு. வெகுளி என்பது சினம். அவை நிறத்தை உணர்த்தவும் உரியவை என்பதை ஆசிரியர் அதற்கு அடுத்த நூற்பாவில்தான் சொல்கிறார். சுன்னாகத்தில் 1938இல் தமிழறிஞர் கணேசையர் குறிப்புகளோடு அச்சான பதிப்பில் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 'கறுத்துஇன்னா செய்தவக் கண்ணும்' என்ற 312ஆம் குறளிலும் கறுத்து என்றால் சினந்து என்பதே பொருள். பதிற்றுப்பத்தில் 'நீ சிவந்து இறுத்த' என்று சேரனைப் பாடும்போது, சிவந்து என்பதற்கும் அதுவே பொருள். அந்தக் கறுப்பின் வழியில் வந்தவைதாம் நம் கறுவுதலும் கறுவமும்.

நிறம் எப்படிச் சினமாயிற்று என்பதை நான் நூலில் அன்றி அப்பப்பாவின் முகத்தில் கண்டேன். பக்கத்து வளவுக்காரர் எல்லை வேலிக் கதிகால்களைப் பிடுங்கி, ஒரு முழம் எங்கள் பக்கமாகத் தள்ளி நட்டிருந்த காலை அது. அப்பப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணின் வெள்ளை சிவந்தது. ஆனால் கன்னமும் நெற்றியும் சிவக்கவில்லை, மழைக்கு முந்திய வானம்போல இருண்டன. நம் போன்ற தோலில் சினம் அப்படித்தான் தெரியும். கறுப்பையும் சிவப்பையும் ஒரே நூற்பாவில் வைத்தவர் இப்படியொரு முகத்தைப் பார்த்திருப்பார் என்றே நம்புகிறேன்.

கோபம் வரும், போகும். கறுவத்தையோ 'வைத்திருக்கிறான்' என்கிறோம். அந்த வேலியைப் பிறகு திருத்தி அடைத்தார்கள். ஆனாலும் அப்பப்பா அந்த வீட்டுக் கலியாணத்துக்குப் போகவில்லை. கோபம் என்ற வடசொல்லால் இதைச் சொல்ல முடியாது, மகளே.

வருகிற ஞாயிறு பேரனுக்கு நானே திருத்திச் சொல்கிறேன். அதுவரை அவன் அந்தச் சொல்லைச் சொன்னால் தடுக்காதே.

அன்புடன்,
அப்பா
யாழ்ப்பாணம்