வவுச்சரும் அம்மாவின் மருத்துவ அட்டையும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பெண்ணுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அல்சூரில் சௌக்கியம்தான், அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

சோஷலிசத்தை விட்டுச் சந்தைக்கு மாறிய நாடுகளில் சில நிமிர்ந்தன, சில சரிந்தன, வேகம்தான் காரணமா என்று கேட்டிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போலந்து 1990 ஜனவரி 1ல் விலைகளை அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து அவிழ்த்துவிட்டது, ரஷ்யா 1992 ஜனவரி 2ல், ரெண்டுமே அதிரடிதான். ஆனால் போலந்தில் பெரிய ஆலைகளை விற்க அவசரப்படவில்லை, சின்னக் கடையும் சிறு தொழிலும் முளைக்க வழிவிட்டார்கள், வேலை போனவர்களுக்குப் பென்ஷன் கொடுத்தார்கள். ரஷ்யாவில் அரசு ஆலைகளில் பங்கு வாங்கிக்கொள்ள ஆளுக்கு 10,000 ரூபிள் வவுச்சர் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். அந்த ஒரே வருஷத்தில் விலைவாசி 25 மடங்குக்கு மேல் ஏறியிருக்க, சம்பளமும் ஒழுங்காக வராதவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? கிடைத்த விலைக்கு விற்றான். 1995ல் அரசுக்குக் கொடுத்த கடனுக்கு ஈடு என்று சொல்லி எண்ணெய், நிக்கல் கம்பெனிகளையே சில பேர் சல்லிசாக அள்ளிக்கொண்டார்கள். ஆண்களின் சராசரி ஆயுள் 1990ல் 64 வயதை ஒட்டி இருந்தது, 1994ல் 58க்கும் கீழே போய்விட்டது. நாலே வருஷம், சேகர்!

ரஷ்யாவில் அப்போது பல ஊர்களில் வீடு, குழந்தைக் காப்பகம், ஆஸ்பத்திரி எல்லாமே ஆலையைச் சேர்ந்தவை. அதைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்தது. 26 வருஷம் பொதுத்துறை ஆலையில் இருந்துவிட்டு வி.ஆர்.எஸ். என்கிற விருப்ப ஓய்வு வாங்கி வந்த அன்று, குவார்ட்டர்ஸ் திண்ணையில் உட்கார்ந்து செக்கைக்கூடப் பிரிக்காமல், அம்மாவின் மருத்துவ அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதத்தோடு அது செல்லாது. "இனி இன்சுலினுக்கு எங்கே போறது?" என்றார். ஆலையை மதிப்பிட்ட யார் கணக்கிலும் அந்த அட்டை இல்லை.

நம் நாடு 1991ல் சந்தைக்குக் கதவு திறந்ததையே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு போன் இணைப்புக்கு அதே அப்பா ஆறு வருஷம் காத்திருந்ததும் மறக்கவில்லை. மாறத்தான் வேண்டியிருந்தது, ஆனால் அட்டைக்கு மாற்றை முதலில் கையில் கொடுத்திருக்கலாம்.

சீனாவில் அரசு கேட்ட அளவுச் சரக்கை அரசு விலைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஆலைகள் சந்தை விலைக்கு விற்க விட்டார்களே, அது இங்கே நடந்திருக்குமா? பொங்கலுக்கு வரும்போது சொல். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
ரவி