நூறு ரூபாய்க்கு உரிமமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் தேனீ வளர்ப்புக் கட்டுரை படித்தேன். பெட்டி, பூ, ராணித் தேனீ எல்லாம் சரி. 'நூறு ரூபாய் கட்டினால் உணவுப் பாதுகாப்பு உரிமம் கைக்கு வந்துவிடும்' என்ற வரிதான் தொண்டையில் நிற்கிறது.

உங்களுக்குத் தெரியாததல்ல, நூறு ரூபாய்க்குக் கிடைப்பது பதிவு. உரிமம் வேறு. 2023-ல் எனக்குத்தான் அது தெரியாது. அழகர்மலை அடிவாரத்தில் 18 பெட்டி வைத்திருக்கிறேன்; வருஷத்துக்கு 90 கிலோ தேறினால் அதிகம். இதே மாதிரி ஒரு கட்டுரையைக் கத்தரித்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். "பேப்பர்லயே உரிமம்னுதானே போட்டிருக்கு ஐயா" என்று அந்தத் தம்பி உரிமத்துக்கே விண்ணப்பித்துவிட்டார். கட்டணம் 3,000, அவருக்கு 500. அப்போதைய விதிப்படி ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை பதிவே போதும் என்பதைப் பிறகு இன்னொருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதோடு போச்சா? உரிமம் எடுத்த தயாரிப்பாளர் வருஷா வருஷம் மே 31-க்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமாம். தவறினால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் அபராதம். உங்கள் கட்டுரையாளர் சொன்ன நூறு ரூபாய் ஒருவேளை இதுதானோ என்னவோ.

தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. மழை ஈரத்தில் நம்மூர் அடுக்குத் தேனீயிடம் அதை யார் போய்ச் சொல்வது? ஈரம் வற்றி, தேனீக்கள் அடை முழுக்க மெழுகால் மூடும்வரை காத்திருந்துதான் எடுக்கிறேன். 2020 டிசம்பரில் தில்லி அறிவியல், சுற்றுச்சூழல் மையம் சோதித்த 13 தேன் பிராண்டுகளில் எல்லாக் கலப்படச் சோதனையிலும் தேறியவை மூன்றுதான் என்று செய்தி வந்ததே, அப்புறம் யாரை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள்? என் வாசலில் மட்டும் இன்றைக்கும் தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசிப் பார்க்கிறார்கள்.

தொண்ணூறுகளில் சாக் என்ற தேனீ நோய் வந்தபோது என் அப்பாவின் பெட்டிகளில் புழுக்கள் நீர்ப்பையாகச் செத்துக் கிடந்தன. அப்போது எந்தப் பத்திரிகைக்காரரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது 'லட்சம் சம்பாதிக்கலாம்' என்று எழுத மட்டும் வந்துவிடுகிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பத்திரிகையை இருபது வருஷமாகக் காசு கொடுத்து வாங்குகிறவன். அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள்: 'உரிமம்' என்பதை 'பதிவு' என்று வாசிக்கவும். பொடி எழுத்தில் என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
அழகர்கோவில் பக்கத்து வாசகர்