கச்சேரியா, இரைச்சலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடி பிறந்தால் சேலத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் தொடங்கித் தெருவுக்குத் தெரு பண்டிகை. பிள்ளைகள் பலர் முதன்முதலாக நேரில் கச்சேரி கேட்பது அங்கேதான். அது வெறும் இரைச்சலாக முடிந்தால் பாடியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் ஸ்பீக்கர் வைத்த இடம்தான் கோளாறு.

பாடகருக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி இருந்தால் அதன் ஒலி மைக்கிலேயே மறுபடி நுழைந்து 'கீ' என்று ஊளையிடும். மைக் வரிசைக்கு நாலைந்து அடி முன்னால், ஆள் தலைக்கு மேலே, பின்வரிசையைப் பார்த்துச் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். தரையில் வைத்தால் முன்னால் உட்கார்ந்த குழந்தைக்குக் காது அடைக்கும். பின்னால் நிற்பவருக்குப் பாட்டு தெளியாது. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் ஊளைதான்.

கூட்டம் நீண்டு, 34 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி வைத்தால், முன்பெட்டியின் ஒலி அங்கே வந்துசேர ஏறக்குறைய 100 மில்லி விநாடி ஆகும். பின்ஜோடிக்கு மிக்சரில் (ஒலிகளைக் கலந்து அனுப்பும் கருவியில்) அந்தத் தாமதத்தைக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும். நம் ஊரில் அதற்கும் ஒரே வைத்தியம், சத்தத்தைக் கூட்டுவது!

ஏற்காட்டில் சிக்கல் வேறு. பனி இறங்கினால் மிருதங்கத் தோல் ஈரம் குடித்துச் சுருதி தளரும். பாட்டுக்கு நடுவிலும் சுருதி சேர்க்க அவகாசம் தர வேண்டும்.

இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. விழாக் குழுவினர் வாழ்த்துரைகளைக் குறைத்து, மாலை ஆறரைக்கே பாடகரிடம் மைக்கைக் கொடுத்துவிடலாம்.

ஒலி அமைப்பாளர்கள் சிலர்,
சேலம்.