31 தலையீத்துப் பசுக்கள்

சார்ட்டர்ஸ் டவர்ஸ், குயின்ஸ்லாந்து
மே 18

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இங்கே இப்போது மாடு திரட்டும் காலம். விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் வீடு. அம்மாவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. மாடிப்படி ஏற விடாதே.

உன் செவலைப் பசு ஈன்று நான்கு மாதமாகியும் பருவத்துக்கு வரவில்லை என்று எழுதியிருந்தாய். போன வாரம் அதே கேள்வியோடுதான் ஒரு கறிமாட்டுப் பண்ணையில் நின்றேன். 31 தலையீத்துப் பசுக்கள், அதாவது முதல் கன்று போட்டவை, நவம்பர் டிசம்பரில் ஈன்றவை, எல்லாம் கன்றோடு. ஒவ்வொன்றாக ஆசனவாய் வழியே கைவிட்டுச் சினை பார்த்தேன். நான்குதான் சினை. மற்றவற்றிலும் கருப்பையில் ஒரு கோளாறும் இல்லை. சினைப்பைகள் மட்டும் சிறுத்து உறங்கிக் கிடக்கின்றன. “மலடு, லாரியில் ஏற்றிவிடலாம்” என்றார் பண்ணைக்காரர். எனக்குப் பொறுக்கவில்லை.

கணக்கைப் பார். இவை பிராமன் இனம், இந்த மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 290 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமானால் ஈன்ற 75 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். கருப்பை சுருங்கவே 40 நாள் போய்விடும். மிச்சத்தில் 21 நாள் சுற்று ஒன்றோ இரண்டோதான். அதற்குள் அவளுக்கு எத்தனை வேலை! தின்பது முதலில் உயிரைத் தாங்கப் போகிறது, பிறகு பாலுக்கு. தலையீத்துக்காரி இன்னும் வளர்ந்து முடியவில்லை, பல்லும் மாறிக்கொண்டிருக்கிறது. சினை பிடிப்பது கடைசியில்தான். உடம்பு கரையக் கரைய மூளை, முட்டையை வெடித்து வெளிவர வைக்கும் எல்.எச். ஹார்மோனை அடக்கிவிடும், கன்று மடி முட்டுவதும் அதையேதான் செய்யும். முட்டை வளரும், ஆனால் வெடிக்காது. இந்த நேரத்தில் இன்னொரு வயிறு தாங்காது என்று அவள் உடம்பே சொல்கிறது, அவ்வளவுதான்.

ஈன்ற பிறகு தீனியைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று நானும் ரொம்ப நாள் நம்பினேன். பெரும்பகுதி பாலாகத்தான் போகிறது. ஈனும்போது அவள் என்ன உடம்போடு இருந்தாள் என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இங்கே உடல்கட்டுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். ஈனும்போது 3 இருக்க வேண்டும். இவை நீண்ட வறட்சியில் காய்ந்த புல்லைத் தின்று 2-இல் ஈன்றவை. போதாக்குறைக்கு இந்த மண்ணில் பாஸ்பரஸ் இல்லை. அந்தக் குறையால் ஒரு பசு செத்த மாட்டின் எலும்பைக் கடவாயில் வைத்து மென்றுகொண்டு நின்றது. அந்த முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

இந்த பிராமன் இனத்தை 1933-இல் அமெரிக்காவிலிருந்துதான் இங்கே கொண்டுவந்தார்கள். ஆனால் அதன் ரத்தத்தில் நம் நாட்டு மாடுகளான ஓங்கோலும் கிர்ரும் காங்கிரெஜும் ஓடுகின்றன. திமிலைத் தடவும்போதெல்லாம் உன் கொறங்காட்டு மேய்ச்சல் நிலம் ஞாபகம் வரும்.

பண்ணைக்காரரிடம் கெஞ்சாத குறையாகப் பேசினேன். 100 கிலோ தாண்டிய கன்றுகளை அன்றே பிரித்தோம். வறட்சி முழுக்க யூரியா கலந்த நக்குக்கட்டி, மழை வந்து புல் துளிர்த்ததும் பாஸ்பரஸ் என்று பேச்சு. அரைமனதோடு ஒத்துக்கொண்டார். ஆகஸ்டில் மறுபடி கைவிட்டுப் பார்ப்பேன்.

உன் செவலைக்கு வருகிறேன். தாது உப்பு கொடுப்பது நல்லதுதான், நிறுத்தாதே. ஆனால் விலா எலும்பை எண்ண முடிகிறதா என்று முதலில் பார். கோடையில் கொழுக்கட்டைப் புல் கருகி, வெள்வேல மரத்து நெற்றை நம்பித்தான் இப்போது இருப்பாள். கன்று தீவனம் கடிக்கிறதென்றால் பாலூட்டலைக் குறைத்துவிடு. அடுத்த ஈத்துக்குச் சினையின் கடைசி மூன்று மாதம் கையைச் சுருக்காதே. சோளத்தட்டோடு கொஞ்சம் பிண்ணாக்கும் வை. பருவத்துக்கு வரவைக்கும் ஊசி போட அவசரப்படாதே. உடம்பு தேறாமல் ஊசி மட்டும் என்ன செய்யும்?

காளைக்கு வந்தாளா என்று எழுது. பின்புறத்திலிருந்து எடுத்த படம் ஒன்றும் அனுப்பு, இடுப்பெலும்பு தெரியும்படி.

அன்புடன்,
உன் வேப்பேரி கால்நடைக் கல்லூரி விடுதித் தோழன்