கிணற்றடியில் கேட்டவளுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

குடலில் எடுத்த சதையைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே இதை எழுத உட்கார்ந்தேன். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்க நினைக்க அழுகைதான் வந்தது. இன்றுதான் எழுத முடிகிறது.

எனக்கு 54 வயது. 30 வருஷமாகத் தையல் மெஷின்தான் பிழைப்பு. மலம் போகும்போது ரத்தம் வருவது 8 மாசமாக இருந்தது. நாள் பூரா உட்கார்ந்தே இருக்கிறோம், உடம்புச் சூடு, மூலமாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டினேன். கருணைக்கிழங்கு மசியல் சாப்பிட்டேன். நடுவில், மூலம் பவுத்திரம் என்று போர்டு போட்ட ஒரு இடத்துக்கும் போனேன். படுக்கச் சொல்லிப் பார்க்கவே இல்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு 'நாள்பட்ட மூலம்' என்று சீட்டில் எழுதி, களிம்பும் மாத்திரையும் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நம்பி 3 மாசம் போனது. நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

முதல் நன்றி என் மருமகளுக்கு. ஒருநாள் விடியற்காலையில் கிணற்றடியில் உள்பாவாடையைத் தனியாக அலசிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவள், "அத்தை, உங்களுக்குத்தான் தூரம் நின்னு நாலு வருஷமாச்சே, இது என்ன ரத்தம்?" என்றாள். துணியைத் தண்ணீருக்குள் அமுக்கினேன். அவள் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் வாயைத் திறக்கும்வரை எழுந்திருக்கவில்லை. புருஷனிடம்கூடச் சொல்லாததை அவளிடம்தான் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டாள். மறுநாளே லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கிவிட்டாள்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவ்வளவு கூட்டத்திலும் என்னை உட்கார வைத்துக் கேட்டார்கள். ரத்தம் என்ன நிறம்? சொட்டுகிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா? வலி உண்டா? போய்விட்டு வந்த பிறகும் இன்னும் இருக்கிற மாதிரி இருக்கிறதா? நான் பதில் சொல்லச் சொல்ல, ஏன் கேட்கிறார்கள் என்பதையும் சொன்னார்கள். "உள்மூலம்னா பெரும்பாலும் வலி இருக்காதும்மா, மலம் போனப்புறம் பளிச்சுனு சிவப்பாச் சொட்டும். ஆசனவாயில வெடிப்புன்னா பிளேடால கிழிச்ச மாதிரி எரியும். உங்களுக்குச் சளியோட, மலத்துல கலந்து வருது. சீதபேதி, குடல்ல புண்ணு, சதை வளர்ச்சி, புற்றுநோய், எதுவா வேணா இருக்கலாம். மூலமே இருந்தாலும் அதுக்கு மேல வேற ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு இல்லையே."

அப்புறம் திரையை இழுத்துவிட்டு, கையுறை மாட்டி, ஜெல்லி தடவி விரல்விட்டுப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "விரல் நுனியில ஏதோ தட்டுப்படுது, ஸ்கோப் பண்ணிடலாம், கேமரா வச்ச குழாய விட்டு உள்ள பார்க்கறது." 8 மாசம் நான் பயந்து ஒளிந்தது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டுமாம். படியேறினால் மூச்சு வாங்கியதை வயசு என்று நினைத்திருந்தேன்.

மாடி வீட்டுக் குடும்பத்துக்கு ஒரு பெரிய நன்றி. கொலோனோஸ்கோபி என்கிற அந்த ஸ்கோப்புக்கு முதல் நாள், குடல் சுத்தமாவதற்கு ஒரு பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். எங்கள் கக்கூஸ் கொல்லைக்கடைசியில், அதுவும் குத்தவைத்து உட்காருவது. என் முழங்காலுக்கு ராத்திரியில் பத்துப் பதினைந்து தடவை நடக்குமா? கேட்காமலே தங்கள் வெஸ்டர்ன் பாத்ரூம் சாவியைக் கொடுத்து, விடியும்வரை மாடிப்படி லைட்டையும் போட்டு வைத்திருந்தார்கள்.

ஸ்கோப் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்ற நர்ஸ் தங்கச்சிக்கும் நன்றி. மலக்குடலில் நெல்லிக்காய் அளவுச் சதை காம்போடு தொங்கியது. கம்பிச் சுருக்குப் போட்டு அங்கேயே எடுத்துவிட்டார்கள். கீழே மூலமும் இருந்தது, டாக்டரம்மா சொன்ன மாதிரியே. பயாப்ஸியில், சதையின் ஒரு ஓரத்தில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, காம்பு வரை போகவில்லை என்று வந்தது. விட்டிருந்தால் புற்றுநோயாக மாறியிருக்கலாம். ஒரு வருஷம் கழித்து மறுபடி ஸ்கோப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இரும்புச்சத்து மாத்திரை போட ஆரம்பித்ததும் மலம் கறுப்பாகப் போக, பதறிப்போய் அதே தங்கச்சிக்குப் போன் செய்தேன். இந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும் என்று பொறுமையாகச் சொன்னாள். ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால் அது இரைப்பைப் பக்கத்து ரத்தக் கசிவாக இருக்கலாம், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றும் சொல்லிவைத்தாள்.

இதை ஊரறிய எழுதக் காரணம் உண்டு. விஷயம் தெரிந்ததும், ஜாக்கெட் தைக்க வந்த இரண்டு பேர் கதவைச் சாத்திவிட்டுத் தங்களுக்கும் இருப்பதாகச் சொன்னார்கள். எனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். மலத்தில் ரத்தம் ஒருதரம் வந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வயது 45 தாண்டியிருந்தால், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால், மலம் போகிற பழக்கம் மாறியிருந்தால், உடம்பு இளைத்தால் மூலம் என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள். நிறைய ரத்தம் போய்த் தலை சுற்றினால், மயக்கம் வந்தால், உடம்பு சில்லிட்டு வியர்த்தால் அந்த நிமிஷமே 108-க்குக் கூப்பிடுங்கள். இருவரில் ஒருவருக்கு வெறும் வெடிப்புதான். இன்னொருவர் அடுத்த வாரம் ஸ்கோப்புக்குப் போகிறார். நான் கூடப் போகிறேன்.

மாடி வீட்டம்மா, உங்கள் சாவி இன்னும் என் மெஷின் டிராயரில்தான் இருக்கிறது. கொடுக்க வரும்போது டேப்பையும் எடுத்து வருகிறேன். தீபாவளிக்குச் சின்னவளுக்குப் பட்டுப் பாவாடை நான்தான் தைப்பேன்.

இப்படிக்கு,
கீழ்வீட்டுத் தையற்கார அம்மா