செல்லாத வழிகளைத் தடுப்பதை உரிம நிபந்தனையாக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையப் பண மோசடியைப் பற்றித் தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் அடிக்கடி வெளிவரும் எச்சரிக்கைச் செய்திகள் பயனுள்ளவை. ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று அவை பயனாளிக்கு அறிவுரை சொல்கின்றன. ஆனால் பயனாளி ஒரு தவறும் செய்யாமல், சரியான முகவரியையே தட்டச்சு செய்தாலும், அவர் அனுப்பும் தரவு வேறு யாரிடமோ போய்ச் சேரக்கூடிய ஓட்டை ஒன்று இணையத்தின் வழித்தட அமைப்பிலேயே இருக்கிறது. அதை அடைக்கும் கருவிகள் வந்து பல ஆண்டுகள் ஆகியும், அவற்றைச் சேவை நிறுவனங்கள் பயன்படுத்துகின்றனவா என்று நம் பகுதியில் கேட்பார் இல்லை.

இணையம் என்பது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி வலைப்பின்னல்களின் கூட்டு. இணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்ணே ஐபி முகவரி. ஏஎஸ் எண் என்ற அடையாள எண்ணைக் கொண்ட ஒவ்வொரு வலைப்பின்னலும், 'இந்த ஐபி முகவரிகள் என்னிடம் உள்ளன' என்று தன் அண்டை வலைப்பின்னலுக்கு அறிவிக்கிறது. அது அடுத்ததற்குச் சொல்கிறது. இப்படியே அந்த அறிவிப்பு உலகம் முழுவதும் பரவுகிறது. 1989இல் வகுக்கப்பட்ட பிஜிபி என்ற நெறிமுறை இதற்குப் பயன்படுகிறது. சொல்பவர் உண்மை சொல்கிறாரா என்று சோதிக்கும் ஏற்பாடு அந்த நெறிமுறைக்குள் வைக்கப்படவில்லை. ஒருவரையொருவர் அறிந்த சிலர் மட்டுமே இணையத்தில் இருந்த காலத்தில் அது குறையாகத் தோன்றியிருக்காது.

இதன் விளைவு 2008 பிப்ரவரி 24 அன்று உலகுக்கே தெரிந்தது. யூடியூபைத் தன் நாட்டுக்குள் முடக்குமாறு பாகிஸ்தான் அரசு உத்தரவிட, அந்நாட்டின் தொலைத்தொடர்பு நிறுவனம் அதற்காக உள்நாட்டில் அமைத்த வழி அறிவிப்பு எல்லை கடந்து வெளியே கசிந்தது. யூடியூப் அப்போது 1,024 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியை அறிவித்து வந்தது; பாகிஸ்தானிலிருந்து வந்த அறிவிப்போ அத்தொகுதிக்குள் அடங்கிய 256 முகவரிகளை மட்டும் குறித்தது. இரண்டு அறிவிப்புகள் இருக்கும்போது குறுகிய தொகுதிக்கே முன்னுரிமை கொடுப்பது, தரவுக்கு வழிகாட்டும் கருவிகளான ரவுட்டர்களின் இயல்பு என்பதால், ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரு பெரிய நிறுவனம் அதைச் சோதிக்காமல் கடத்திவிட்ட சில நிமிடங்களில் உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குப் போக வேண்டிய தரவு பாகிஸ்தானை நோக்கித் திரும்பியது. நிலைமை சீராக இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இதில் யாருக்கும் திருட்டு நோக்கம் இருக்கவில்லை.

திருட்டு நோக்கத்தோடும் இது நடந்திருக்கிறது. 2018 ஏப்ரலில், தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற அமேசான் நிறுவனச் சேவைக்குரிய முகவரிகளை இவ்வாறு கைப்பற்றியவர்கள், மெய்நிகர் நாணயப் பணப்பைத் தளமான மைஈதர்வாலட்டுக்குச் சென்ற பயனாளிகளைப் போலித் தளத்துக்குத் திருப்பி, சுமார் 1,50,000 டாலர் மதிப்புள்ள மெய்நிகர் நாணயத்தைக் கவர்ந்தனர். உலாவி காட்டிய எச்சரிக்கையைத் தாண்டிச் சென்றவர்களே ஏமாந்தார்கள் என்பது உண்மைதான்; ஆயினும் அவர்கள் தட்டச்சு செய்த முகவரி சரியானது. நம் நாடும் விலக்கல்ல. 2021 ஏப்ரலில் இந்திய வலைப்பின்னல் ஒன்று, தனக்குச் சொந்தமில்லாத முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தன்னுடையவை என்று தவறுதலாக அறிவித்தது.

நம் ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்குவதாக இருந்தாலும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. அதே ஏற்பாடு ஐபி முகவரிகளுக்கும் ஆர்பிகேஐ என்ற பெயரில் வந்துவிட்டது. ஒரு தொகுதியை எந்த ஏஎஸ் எண் அறிவிக்கலாம், எவ்வளவு சிறிய துண்டு வரை அறிவிக்கலாம் என்பதை, அதன் உரிமையாளர் ஆர்ஓஏ எனப்படும் மின்கையொப்பமிட்ட ஆவணமாகப் பதிவு செய்யலாம். இந்திய நிறுவனங்கள் இதை ஐபி முகவரிகளுக்கான இந்தியப் பதிவகமான ஐஆர்ஐஎன்என் வழியாகவோ, ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகமான ஏப்னிக் வழியாகவோ செய்துகொள்ளலாம். உலக அளவில் ஐபிவி4 என்ற முகவரி வகைக்கான வழிகளில் பாதிக்கு மேற்பட்டவை 2024 மே மாதத்துக்குள் இத்தகைய பதிவின் கீழ் வந்துவிட்டன. ஆனால் பட்டா வாங்கிப் பெட்டியில் வைத்தால் மட்டும் ஆக்கிரமிப்பு நின்றுவிடாது. பிறர் அதைப் பார்த்து நடக்க வேண்டும். அதாவது, பதிவுக்கு முரணாக வரும் 'செல்லாத' அறிவிப்புகளை ஒவ்வொரு வலைப்பின்னலும் தன் வாசலிலேயே நிராகரிக்க வேண்டும். பதிவு செய்வதில் காட்டும் அக்கறையை நிராகரிப்பதில் காட்டாத நிறுவனங்கள், தம் முகவரிகளைக் காக்கும் பொறுப்பை மட்டும் அடுத்தவரிடம் விட்டுவிடுகின்றன என்றே சொல்வேன்.

இதைத் தள்ளிப்போடுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் வலுவானவை அல்ல. நல்ல தளங்களும் தடைபட்டுவிடும் என்கிறார்கள். சோதனையின் முடிவு செல்லும், செல்லாது, பதிவு இல்லை என்று மூன்று வகைப்படும். பதிவே இல்லாதவற்றை யாரும் நிராகரிக்கச் சொல்லவில்லை. தவறான பதிவினால் செல்லாததாகிவிட்ட நேர்மையான வழிகளிலும், பல சமயங்களில் அவற்றை உள்ளடக்கிய பெரிய தொகுதிக்கான வழி இருந்துகொண்டிருப்பதால் தொடர்பு அறுவதில்லை. இப்பதிவுகளைச் சரிபார்க்கும் கணினி பழுதானால் இணைப்பே போய்விடும் என்பதும் சரியல்ல: அப்போது எல்லா வழிகளும் 'பதிவு இல்லை' என்ற நிலைக்குத் திரும்பி, போக்குவரத்து முன்போலவே நடக்கும். ரூட்டினேட்டர் போன்ற சரிபார்ப்பு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சாதாரண சர்வர் கணினி இரண்டு போதும்.

இது எல்லா நோய்க்கும் மருந்தல்ல. முகவரியின் உரிமையாளரைச் சரியாகச் சொல்லி, இடையிலுள்ள பாதையை மட்டும் பொய்யாகச் சொல்பவரை இச்சோதனை பிடிக்காது. பதிவகக் கணக்கின் கடவுச்சொல்லே களவு போனாலும் ஆபத்துதான்: 2024 ஜனவரியில் ஸ்பெயினின் ஆரஞ்சு என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணக்கில் நுழைந்த ஒருவர் பொய்யான பதிவுகளைச் செய்ய, அந்நிறுவனத்தின் இணையச் சேவை சில மணி நேரம் முடங்கியது. ஆகவே அக்கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் யார் இதைச் செய்ய வேண்டும் என்பதில் ஒரு தெளிவு தேவை. அம்பாசமுத்திரத்திலும் சங்கரன்கோவிலிலும் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்கும் சிறிய ஆபரேட்டர்களில் பெரும்பாலோருக்கு மேலிருந்து இணைப்புத் தருவது ஒரே ஒரு நிறுவனம்தான். எல்லாத் தரவையும் அதனிடமே ஒப்படைப்பதால், அவர்கள் தம் அளவில் செல்லாத வழிகளை நிராகரித்து வடிகட்ட எதுவும் இல்லை. அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. சொந்த ஏஎஸ் எண் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நிறுவனங்களிடம் பேண்ட்வித் (தரவு கடத்தும் திறன்) வாங்குவோர் கட்டாயம் வடிகட்ட வேண்டும். எனினும் அவர்கள் வடிகட்டினாலும், மேலே உள்ள பெரிய நிறுவனம் செல்லாத வழியை ஏற்றுக்கொண்டிருந்தால், இங்கிருந்து சரியாகப் புறப்பட்ட தரவு சென்னையைத் தாண்டியதும் தவறான கைக்குப் போகக்கூடும். எனவே நாடு முழுவதும் தரவைக் கடத்தும் பெரிய நிறுவனங்களிலிருந்தே இது தொடங்க வேண்டும். அதற்குச் சந்தைப் போட்டியை நம்பிப் பயனில்லை என்பது என் கருத்து, ஏனெனில் வடிகட்டும் செலவு ஒருவருக்கும் அதன் பலன் ஊராருக்கும் போகிறது.

ஆகவே, செல்லாத வழிகளை நிராகரிப்பதை இணையச் சேவை உரிமத்தின் நிபந்தனையாக மத்திய தொலைத்தொடர்புத் துறை ஆக்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு முதலில் குறுகிய காலக்கெடுவும், சொந்த ஏஎஸ் எண் உள்ள சிறியவர்களுக்கு அதன்பின் பயிற்சியோடு கூடிய காலக்கெடுவும் விதிக்கலாம். அதுவரை, நம் பகுதிக் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் கூட்டுறவு வங்கிகளும் பேண்ட்வித் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, வேகத்தைக் குறிக்கும் எம்பிபிஎஸ் கணக்கையும் மாத வாடகையையும் பேசுவதோடு, செல்லாத வழிகளை நிராகரிப்போம் என்ற உறுதியையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வலைப்பின்னல் பொறியாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.